சிருஷ்டித்தவனே பேண வேண்டும்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்து அரசாங்கக் கலைக்கூடத்தில் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திறந்துவைக்கப்பட்ட ஒரு காட்சியைப் பற்றிப் பத்திரிகைகளில் வாசித்தவர்கள், அது கலையா, விஞ்ஞானமா, அல்லது இவ்விரண்டின் பெயராலும் செய்யத்தகாத ஒரு காரியமா என்று தீர்மானிக்க இயலாமல் திகைத்திருப்பார்கள். அந்த அறையில் வளைந்த பித்தளைத் தகடுகள் இருபது பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு தகட்டின் பின்னாலும் ஒரு சிறு சுத்தியல் இருந்தது. எந்தச் சுத்தியல் எந்த க்ஷணத்தில் தட்ட வேண்டும் என்பதை நிர்ணயித்தவை, நடுவே ஒரு பீடத்துக்குள் உயிரோடு பேணப்பட்ட, வெறும் கண்ணுக்கு வெண்ணிறப் பொட்டுகளாகவே தென்படுகிற, கருவிலிருக்கும் மனித மூளையின் ஆரம்ப வளர்ச்சியை ஓரளவு ஒத்த உயிரணுத் திரள்கள். அவை ஆல்வின் லூசியே என்ற அமெரிக்க சங்கீத கர்த்தாவின் இரத்தத்திலிருந்து உண்டாக்கப்பட்டவை. லூசியே 2021 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்.

இறந்தவரின் மூளை மீண்டும் வாசிக்கிறது என்று பரபரப்பாக எழுதுவது சுலபம். நடந்ததோ அதைவிட நிதானமாக ஆலோசிக்கத்தக்கது. லூசியே 1965-ஆம் ஆண்டிலேயே தம் தலையில் மின்முனைகளைப் பொருத்திக்கொண்டு, கண்மூடி அமைதியாக அமர்ந்திருக்கும் நிலையில் மூளையில் எழும் ஆல்பா அலைகளைப் பன்மடங்கு பெருக்கி, அவற்றின் அதிர்வைக் கொண்டே முரசுகளையும் மற்றத் தாளக் கருவிகளையும் முழங்கச் செய்து ஒரு கச்சேரி நிகழ்த்தியவர். அவர் நெடுங்காலம் ஆசிரியராக இருந்த வெஸ்லியன் பல்கலைக்கழகத்து இசைத்துறைதான், நம் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் சகோதரர்களான ரங்கநாதனும் விசுவநாதனும் மேல்நாட்டு மாணவர்களுக்கு மிருதங்கமும் புல்லாங்குழலும் கற்பித்த துறை என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். வாழ்நாள் முழுவதும் ஒலியின் இயல்பையே ஆராய்ந்த அந்த முதியவர், பெர்த் நகரத்துக் கலைஞர்களான கை பென்-ஆரி, நேதன் தாம்சன், மாட் கிங்கோல்ட் ஆகியோரோடும், ஸ்டூவர்ட் ஹாட்ஜெட்ஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானியோடும் கலந்து பேசி, இன்னது செய்யப்போகிறார்கள் என்று நன்கு அறிந்தே 2020-இல் தம் இரத்தத்தை அளித்தார். அந்த இரத்தத்தின் வெள்ளணுக்கள் ஆய்வுக்கூடத்தில் பக்குவப்படுத்தப்பட்டு, எந்த உறுப்பாகவும் உருமாறத்தக்க ஸ்டெம் செல் என்ற பூர்வ நிலைக்குத் திருப்பப்பட்டன; பிறகு அவை நரம்பணுக்களாக வளர்க்கப்பட்டு, மின்முனைகள் பதித்த வலையின் மேல் வைக்கப்பட்டன. அவற்றிலிருந்து எழுந்த மின்துடிப்புகள் சுத்தியல்களை இயக்கின. அறையில் எழுந்த ஓசைகளையும் பார்வையாளரின் பேச்சையும் ஒலிவாங்கிகள் ஏற்று, மீண்டும் மின்துடிப்புகளாக அந்தத் திரள்களுக்கே அனுப்பின.

இதை வாசித்தவுடன் எல்லோர் மனத்திலும் எழும் கேள்வி, அந்தத் திரள்களுக்குப் பிரக்ஞை உண்டா என்பது. அக்கேள்வி பெரியது, அதைத் தீர்மானிக்கும் தகுதி பத்திரிகைக் கட்டுரைக்குக் கிடையாது. ஆனால் அதற்கு முந்திய, அதைவிட எளிய, ஆனாலும் பெரும்பாலோர் கேட்கத் தவறுகிற சில கேள்விகள் இருக்கின்றன. அந்தத் திரள்களுக்கு ஆகாரம் தருபவர் யார்? அந்த ஆகாரம் எங்கிருந்து வருகிறது? காட்சி முடிந்த மறுநாள் அவை என்ன ஆகின்றன? உயிருள்ள ஒன்றைத் தன் சிருஷ்டிக்கு உபாதானமாக எடுத்துக்கொள்ளும் கலைஞன், கல்லையும் வர்ணத்தையும் எடுத்துக்கொள்ளும் கலைஞனுக்கு ஒருநாளும் நேராத கடமையொன்றைத் தன் தலைமேல் ஏற்றுக்கொள்கிறான் என்பதும், அக்கடமையை அவன் எவ்வளவு தூரம் நிறைவேற்றுகிறான் என்பதைக் கொண்டே அவனுடைய கலையின் தராதரத்தை நாம் மதிப்பிட வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இத்தகைய கலை முற்றிலும் நூதனமானது என்று எண்ணுவதற்கில்லை. புகைப்படக் கலையில் உலகப் புகழ் பெற்ற எட்வர்ட் ஸ்டைக்கன், தாம் ஆண்டுக்கணக்காகக் கலப்பினம் செய்து வளர்த்த டெல்ஃபினியம் மலர்களை 1936-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கலைப் படைப்புகளாகவே காட்சிக்கு வைத்தார். உடலுக்கு வெளியே உயிரணுக்களை வளர்க்கும் வித்தையும் நூறாண்டுப் பழமை உடையது. அலெக்ஸி காரெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1912-ஆம் ஆண்டு ஜனவரியில் கோழிக் கருவின் இதயத்திலிருந்து எடுத்த ஒரு துணுக்கை நியூயார்க் நகரத்து ஆய்வுக்கூடமொன்றில் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கத் தொடங்க, அவருடைய உதவியாளர் அதனை 1946 வரையில், அதாவது காரெல் காலமாகி ஈராண்டுகள் கழியும் வரையில், விடாமல் பேணி வந்தார். அந்த உயிரணுக்களுக்கு மரணமே இல்லை என்று அக்காலத்தவர் வியந்தார்கள். சாதாரண உயிரணுக்கள் இத்தனை முறைதான் பிளவுபட்டுப் பெருகும் என்ற வரம்புக்கு உட்பட்டவை என்பது 1961-ஆம் ஆண்டு ஆராய்ச்சியினால்தான் புலனாயிற்று. அந்தக் காரெலும், அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பர்க்கும் சேர்ந்து 1930-களில், உடலிலிருந்து எடுத்த உறுப்புகளுக்குப் போஷாக்குத் திரவத்தைச் செலுத்தும் கண்ணாடிக் கருவியொன்றை அமைத்தார்கள். அதன் அமைப்பையே எழுபதாண்டுகளுக்குப் பின் இரு கலைஞர்கள் தங்கள் காரியத்துக்கு எடுத்தாண்டார்கள்.

ஓரன் காட்ஸ், அயோனட் ஸர் என்ற அவ்விருவரும் 1996 முதற்கொண்டு திசு வளர்ப்பையே தங்கள் கலையாகக் கொண்டவர்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்து உடற்கூற்றியல் துறைக்குள் 2000-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சிம்பயாட்டிக்கா என்ற கலை ஆய்வுக்கூடத்தில் அவர்கள் பங்கு முதன்மையானது. கலைஞர்கள் விஞ்ஞானிகளின் வேலையைப் படம் எழுதிக் காட்டுவதோடு நில்லாமல், அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து, கையுறை அணிந்து, கிருமி நீக்கிய காற்று வீசும் பெட்டிக்குள் தாமே குழாய் பிடித்து வேலை செய்ய வேண்டும் என்பது அவ்விடத்துச் சம்பிரதாயமாக இருந்தது. அந்த வேலையின் தன்மையைச் சற்று விவரிப்பது அவசியம். ஏனெனில் நான் சொல்லவந்த விஷயத்தின் ஆணிவேர் அதில்தான் இருக்கிறது.

உடலை விட்டுப் பிரித்தெடுக்கப்பட்ட உயிரணுவுக்கு, உடல் தன்னிச்சையாகச் செய்துவந்த சகல உபசாரங்களையும் மனிதன் செய்தாக வேண்டும். 37 டிகிரி உஷ்ணம் மாறாத இன்குபேட்டரில் அதனை வைக்க வேண்டும். உப்புகளும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்த இளஞ்சிவப்புத் திரவம் ஒன்றில் அதனை ஊறவிட வேண்டும். உயிரணுக்கள் ஆகாரத்தை உட்கொண்டு கழிவை வெளியேற்ற வெளியேற்ற, அந்தத் திரவம் அமிலத்தன்மை அடைந்து மஞ்சளாக மாறும். மாறியதும் புதுத் திரவம் வார்க்க வேண்டும். விடுமுறை என்றும் திருவிழா என்றும் இதனை ஒத்திப்போடுவதற்கில்லை. கறவை மாடு வைத்திருப்பவன் ஊருக்குப் போகவேண்டுமானால் முதலில் அதற்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போக முடியும் என்ற நிலைமை, இங்கே அருங்காட்சியகத்தின் அதிகாரிகளுக்கே வந்துவிடுகிறது. வர்ணச் சித்திரத்தைச் சுவரில் மாட்டிக் கதவைப் பூட்டிச் செல்லும் பழக்கமுடைய ஸ்தாபனங்கள், ஒரு கலைப்பொருளுக்காக ஞாயிற்றுக்கிழமையிலும் விழித்திருக்க வேண்டிய நிர்ப்பந்தத்தை இக்கலை உண்டாக்கியது. அதுவே அதன் முதல் சாதனை என்பேன்.

ஸ்டைக்கனின் மலர்களைக் காட்டிய அதே நியூயார்க் அருங்காட்சியகம், 2008-ஆம் ஆண்டில் காட்ஸும் ஸரும் அமைத்த ஒரு சின்னஞ்சிறு சட்டையைக் காட்சிக்கு வைத்தது. பொம்மைக்கும் போதாத அளவுடைய அச்சட்டை தைக்கப்பட்டதன்று. காலப்போக்கில் கரைந்துவிடக்கூடிய ஒருவகைப் பாலிமர் அச்சின் மேல் எலியின் உயிரணுக்களைப் படரவிட்டு, கண்ணாடிக் கலத்துக்குள் போஷாக்குத் திரவம் சொட்ட வளர்க்கப்பட்டது. எந்தப் பிராணியையும் கொல்லாமல் கிடைக்கும் தோல் என்ற பொருள்படவே அதற்குப் பெயரும் இட்டிருந்தார்கள். சில வாரங்கள் சென்றதும், அதில் இருந்த உயிரணுக்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெருகி, திரவம் பாயும் குழாய்களை அடைத்தன. சட்டையின் ஒரு கை கழன்றுவிழும் நிலைக்கு வந்தது. திரவத்தை நிறுத்தி அதன் வாழ்வை முடிப்பதைத் தவிர வழியில்லை என்றானபோது, அந்த முடிவை எடுக்கும் பாரம் காட்சிப் பொறுப்பாளரான பாவ்லா ஆன்டனெல்லியின் மேல் விழுந்தது. உயிரோ உணர்வோ இன்னதென்று சொல்ல முடியாத ஒரு பொருளின் விஷயத்தில் தமக்கு அவ்வளவு தயக்கம் ஏற்பட்டதைக் குறித்து அவர் பின்னர் வெளிப்படையாகவே பேசினார். அந்தத் தயக்கத்தை அதீதமான மென்மை என்று தள்ளிவிடுவோரோடு நான் உடன்படவில்லை. எத்தனையோ சித்திரங்களைச் சுவரிலிருந்து இறக்கிவைத்த கை, இந்த ஒன்றின் குழாயை மூடும்போது ஏன் நின்றது என்பதை ஆராய்வதே இக்கலையின் பயன்.

இதே கலைஞர்கள் 2003-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து நான்ட் நகரில் நிகழ்த்திய விருந்து இன்னும் விநோதமானது. தவளையின் தசை உயிரணுக்களைக் காட்சிக்கூடத்திலேயே வளர்த்து, நாணய அளவுள்ள இறைச்சித் துண்டுகளாக்கி, கடைசி நாளன்று சமைத்துச் சிலருக்குப் பரிமாறினார்கள். பக்கத்திலேயே உயிருள்ள தவளைகள் நீர்த்தொட்டியில் இருந்தன. விருந்து முடிந்ததும் அவற்றை நகரத்துத் தாவரத் தோட்டத்துக் குளத்தில் கொண்டுபோய் விட்டார்கள். இறைச்சி ரசமாக இருக்கவில்லை, சிலர் துப்பிவிட்டார்கள். ஆனால் அன்று ஒரு கலைக்கூடத்துக் கேளிக்கையாகத் தோன்றியது, பத்தாண்டுகளில் வியாபாரத்தின் வாசலுக்கு வந்துவிட்டது: 2013 ஆகஸ்டில் லண்டனில் ஆய்வுக்கூடத்து மாட்டிறைச்சி வடையைப் பத்திரிகையாளர் முன்னிலையில் பொரித்து உண்டார்கள்; 2020 டிசம்பரில் சிங்கப்பூர் அரசாங்கம், கொல்லாமல் வளர்த்த கோழியிறைச்சியை விற்க அனுமதி தந்தது. முதலீட்டாளர்கள் எழுப்பாத கேள்வியைக் கலைஞர்கள் முன்னமேயே எழுப்பியிருந்தார்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

அந்தக் கேள்வி என்ன? நான் மேலே விவரித்த இளஞ்சிவப்புத் திரவத்தில் உப்பும் சர்க்கரையும் மாத்திரம் போதுமானவை அல்ல. உயிரணுக்கள் செழித்துப் பெருக, அதில் சீரம் சேர்க்க வேண்டும். நெடுங்காலமாக ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகச் சேர்க்கப்பட்டு வருவது, இறைச்சிக்கூடத்தில் வெட்டப்பட்ட சினைப்பசுவின் வயிற்றிலிருந்து எடுக்கப்படும் பிறவாத கன்றின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரம். கொல்லாத தோல் என்றும், கொல்லாத இறைச்சி என்றும் பெயர் சூட்டப்பட்டதன் பின்னால், வெளிச்சத்தையே காணாத கன்று ஒன்று இருக்கிறது. காட்ஸும் ஸரும் இதை மறைக்கவில்லை. கண்ணெதிரே நிகழும் ஹிம்சையைக் கண்ணுக்கு மறைவான இடத்துக்கு அப்புறப்படுத்துவதே நவீனத் தொழில்நுட்பத்தின் சுபாவம் என்பதைச் சுட்டிக்காட்டவே தாங்கள் அப்பெயரை இட்டதாகத் தங்கள் கட்டுரைகளில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மையை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கட்டுரைகளைப் படிப்பவர் சிலர். காட்சியைக் காண்பவரோ பல்லாயிரவர். கண்ணாடிக் கலத்தினுள் தொங்கும் அழகிய சிறு சட்டையைப் பார்த்துவிட்டு, பிராணிவதை ஒழியும் காலம் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்பியவர்கள் அநேகர் இருந்திருப்பார்கள். அந்தக் கன்றைப் பற்றிய சங்கதி கலத்தின் அருகிலேயே, பெரிய எழுத்தில், சட்டையின் பெயருக்குச் சமமாக இடம்பெற்றிருக்க வேண்டாமா?

காட்ஸும் ஸரும் கைக்கொண்ட மற்றொரு வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். காட்சி நடக்கும் நாட்களில் உயிரணுக்களுக்கு ஆகாரம் மாற்றும் காரியத்தைப் பார்வையாளர் காணும்படியே செய்வார்கள். காட்சி முடியும் நாளிலோ, கலத்தைத் திறந்து, வந்திருப்பவர்களைக் கையுறை இன்றி அந்தத் திசுவைத் தொடும்படி அழைப்பார்கள். நம் விரல்களிலும் காற்றிலும் உள்ள சாதாரண பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் போதும். உடல் என்ற அரணை இழந்த அந்த ஜீவனுக்கு அவையே மிருத்யு. ஒருவருக்கும் தெரியாமல் இரவோடு இரவாகக் குப்பையில் கொட்டிவிடுவதற்குப் பதிலாக, வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் அந்த முடிவில் பங்காளிகளாக்குகிற இந்தச் சடங்கு, பலருக்குக் கொடூரமாகத் தோன்றியிருக்கிறது. எனக்கு அது பொறுப்புணர்ச்சியின் உச்சமாகத் தோன்றுகிறது. நீயும் பார்த்தாய், நீயும் ரசித்தாய், ஆகவே இதன் முடிவுக்கும் நீ சாட்சியாக நில் என்று கேட்கும் உரிமை கலைஞனுக்கு உண்டு. அந்த உரிமை, அதுவரை நாள்தோறும் அதைப் பேணிவந்ததனால் அவன் சம்பாதித்தது.

இத்துடன், இத்துறையிலேயே மிகப் பிரசித்தி பெற்ற மற்றொரு படைப்பை ஒப்பிட்டுப் பார்ப்போம். பிரேசில் தேசத்தில் பிறந்து சிக்காகோவில் வாழும் எட்வர்டோ காக், 2000-ஆம் ஆண்டில் ஆல்பா என்ற பெண் முயலை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஜெல்லிமீன் ஒன்றின் மரபணுவைச் சேர்த்துப் பிரான்ஸ் தேசத்து அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பிறப்பிக்கப்பட்ட அந்த வெள்ளை முயல், நீலவொளியில் வைத்தால் பச்சையாக ஒளிரும். ஆவின்யோன் நகரில் அதனைக் காட்சிக்கு வைத்து, பின் தம் குடும்பத்தோடு சிக்காகோவில் வளர்ப்பதே தம் படைப்பின் முக்கிய அம்சம் என்று காக் அறிவித்தார். ஆராய்ச்சி நிலையமோ முயலை வெளியே விட மறுத்துவிட்டது. பச்சையாக ஒளிரும் முயலின் படம் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளியாயிற்று. அதனை விடுவிக்கக் கோரி காக் பாரிஸ் நகரில் சுவரொட்டிகள் ஒட்டினார். முயல் கூண்டிலேயே இருந்தது. வீட்டில் வளர்ப்பதாக அவர் சொன்னதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு ஜீவனை வீட்டுக்குக் கொண்டுவரும் வழியை உறுதி செய்துகொள்ளாமலே அதன் பெயரால் உலகத்தை அழைத்தது, கல்யாண மண்டபத்தை நிச்சயிக்காமல் பத்திரிகை அடித்ததைப் போன்ற அசிரத்தையன்று. அதைவிடக் கடுமையான குற்றம். இதில் நஷ்டப்பட்டது வாய்பேச இயலாத ஒரு பிராணி. ஆல்பாவின் படம் கலை வரலாற்று நூல்களில் நிலைத்துவிட்டது. ஆல்பாவின் வாழ்வைப் பற்றி அந்நூல்களில் சொல்ல ஒன்றுமில்லை.

அதே காக் அதற்கு முந்திய ஆண்டில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் காட்டிய படைப்பு இதைவிட ஆழமானது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜீவராசிகள் அனைத்தையும் ஆளும் அதிகாரம் மனிதனுக்கு உண்டு என்று கூறும் விவிலிய வாக்கியம் ஒன்றை மோர்ஸ் தந்திக் குறிகளாக்கி, அக்குறிகளை டி.என்.ஏ. எழுத்துகளாக்கி, அதனைப் பாக்டீரியாக்களுக்குள் புகுத்தினார். இணையத்தின் வழியே காண்பவர் எவரும் ஒரு விசையைத் தொட்டால், அந்தப் பாக்டீரியாக்களின் மேல் புற ஊதா ஒளி விழும், விழுந்தால் டி.என்.ஏ.வில் பிறழ்ச்சிகள் உண்டாகி வாக்கியமே மாறும். தொலைவில் இருப்பவர் அதனைச் சரிவரப் பார்க்க விரும்பினால் மாற்றத்துக்கு உடந்தையாக வேண்டும்; மாற்றக் கூடாதென்றால் பாராமல் இருக்க வேண்டும். ஆதிக்கத்தைப் போதிக்கும் சொற்களை அந்த ஆதிக்கத்தின் பிரயோகத்தினாலேயே சிதையச் செய்த அந்த யுக்தி மிகவும் சிலாகிக்கத்தக்கது.

இனி, சம்மதம் என்ற விஷயம். லூசியே சம்மதித்தார். ஆனால் 2017-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரத்தில், கைவிடப்பட்ட பனிச்சறுக்குக் கூடம் ஒன்றின் தரையைக் கொத்திப் பெயர்த்து, அங்கே தேனீக்களையும் நீர்த்தொட்டியில் ஒரு கடல் நத்தையையும் வைத்து, பியேர் உய்க் என்ற பிரெஞ்சுக் கலைஞர் அமைத்த மகத்தான காட்சியில், ஓர் இன்குபேட்டரும் இருந்தது. அதனுள் பெருகிக்கொண்டிருந்தவை ஹீலா உயிரணுக்கள். அவை பெருகும் வேகத்துக்கு ஏற்ப, பார்வையாளரின் கைப்பேசித் திரையில் மாய உருவங்கள் தோன்றின. ஹீலா என்பது ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெயரின் சுருக்கம். 1951-இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறவந்த கறுப்பின ஏழைத் தாய் அவர். அவரைக் கேளாமலே அவருடைய கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட உயிரணுக்கள், அவர் அவ்வாண்டே இறந்த பின்னும் இன்றுவரை உலகத்து ஆய்வுக்கூடங்களிலெல்லாம் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவருடைய மக்களுக்கு இருபதாண்டுகளுக்கு மேல் இச்செய்தியே தெரியாது. விஞ்ஞானமாவது, போலியோ தடுப்பு மருந்தைச் சோதிக்க அவை பயன்பட்டன என்று சமாதானம் கூறலாம். திரையில் உருவங்களை எழுப்புவதற்கு அந்தத் தாயின் உடலே வேண்டியிருந்ததா? அக்காட்சியின் பிரம்மாண்டத்தைப் புகழ்ந்தவர்கள் இக்கேள்விக்குத் தக்க இடம் கொடுக்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

கடமையைப் பாரமாக எண்ணாமல் களிப்பாக ஏற்ற படைப்பும் உண்டு. கென் கோல்ட்பர்க் என்பவரும் அவருடைய தோழர்களும் 1995-இல் கலிபோர்னியாவில் ஒரு சிறு வட்டத் தோட்டத்தின் நடுவே இயந்திரக் கையொன்றை நிறுத்தி, இணையத்தின் மூலம் எத்தேசத்தவரும் அதனை இயக்கி விதை ஊன்றலாம், தண்ணீர் ஊற்றலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். மறு ஆண்டு லின்ஸ் நகரத்துக்குப் பெயர்ந்த அத்தோட்டம் 2004 வரையில் நீடித்தது. ஒருவரை ஒருவர் கண்டிராத ஆயிரக்கணக்கான மனிதர்கள், தொட்டுப் பார்க்க முடியாத ஒரு செடிக்காகத் தினமும் சில நிமிஷங்களை ஒதுக்கினார்கள். அங்கே தொழில்நுட்பம் உயிரின் மேல் அதிகாரம் செலுத்தவில்லை. உயிருக்கு ஊழியம் செய்யும் கையை நீளச் செய்தது. அளவில் எளிய அந்த முயற்சியை, ஒளிரும் முயலைவிடப் பன்மடங்கு உயர்ந்த கலையாக நான் கருதுகிறேன்.

இவ்வளவும் சொல்வதால், அரசாங்கம் போலீஸாரை விட்டு இக்கலைஞர்களைக் கண்காணிக்க வேண்டும் என்று நான் கோருவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. அதன் விளைவு என்ன என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது. 2004-ஆம் ஆண்டு மே மாதத்தில் பஃபலோ நகரத்துக் கலைஞர் ஸ்டீவ் கர்ட்ஸ் என்பவரின் மனைவி இதய நோயினால் திடீரென்று இறந்துபோனார்; உதவி கேட்டு அவர் அழைத்ததின் பேரில் வந்தவர்கள், வீட்டில் காட்சிக்காக வைத்திருந்த கண்ணாடித் தட்டுகளையும் தீங்கற்ற பாக்டீரியாக்களையும் கண்டு அவரைக் கிருமி யுத்தம் புரிபவராகச் சந்தேகித்தார்கள். மனைவியை இழந்த மனிதர் துக்கத்தை அனுஷ்டிக்கவும் அவகாசமின்றி நான்காண்டுகள் நீதிமன்றத்துக்கு அலைந்தார். பயங்கரவாதக் குற்றம் நிற்காமல் போகவே, பாக்டீரியாவை வாங்கிய முறையில் மோசடி என்று வழக்குத் தொடுத்தார்கள். 2008 ஏப்ரலில் நீதிபதி அதனையும் தள்ளுபடி செய்தார். பயத்தினால் பிறக்கும் சட்டம் உயிரையும் காப்பதில்லை, கலையையும் காப்பதில்லை. மறுபுறம், டென்மார்க்கில் 2000-ஆம் ஆண்டில் மிக்ஸிகளில் நீர் ஊற்றி, உயிருள்ள தங்கமீன்களை விட்டு, வேண்டுவோர் விசையை அழுத்தலாம் என்று ஒரு காட்சி வைத்தபோது, மீன்கள் க்ஷணத்தில் மடிந்துவிடுவதால் அது வதையாகாது என்று கூறி நீதிமன்றம் அருங்காட்சியகத்தின் தலைவரை விடுதலை செய்தது. சட்டம் வேதனையின் நேரத்தை அளந்தது. செயலின் இழிவை அளக்க அதனிடம் கருவியில்லை.

நம் தேசத்துக்கு இவ்விஷயம் அந்நியமானதன்று. பெங்களூர் சிருஷ்டி கலைக்கல்லூரி மாணவர்கள், அமெரிக்காவில் அப்போது ஆண்டுதோறும் நடந்துவந்த உயிரியல் வடிவமைப்புப் போட்டியில் 2009-ஆம் ஆண்டிலேயே கலந்துகொண்டு, முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியாஸ்மின் என்ற பொருளைச் சாதாரண ஆய்வுக்கூடப் பாக்டீரியாவே உற்பத்தி செய்யும்படி அமைக்க முனைந்தார்கள். உயிரியலைத் தொழிலாகக் கொள்ளாத இளைஞர்கள், மண்ணில் வாழும் நுண்ணுயிரிடமிருந்து மழையின் வாசனையைக் கடன் வாங்கிய அந்த எண்ணத்தில் நம் நாட்டுக் கவியுள்ளம் பேசுகிறது. நாளை இத்தகைய படைப்புகள் நம் கலைக்கூடங்களுக்கும் வரும். வர வேண்டும் என்றே விரும்புகிறேன். அப்போது நம்மிடம் கைவசம் இருப்பது 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டம். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்ய சபையில் தனி உறுப்பினராகக் கொண்டுவந்த மசோதாவே அச்சட்டத்துக்கு வித்து. அதன் கீழ் 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். நாட்டியத்துக்கு வாழ்வை அர்ப்பணித்த ஒருவர், பிராணிகள் படும் துன்பத்துக்கு எதிராகப் பாராளுமன்றத்தில் வாதாடினார் என்பது, கலையையும் ஜீவகாருண்யத்தையும் எதிரெதிரே நிறுத்துவோருக்குத் தக்க விடை. ஆயினும் அச்சட்டம் கண்ணும் வாயும் உடைய பிராணிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கண்ணாடிக் கலத்தில் வளரும் திசுவும், கணினியோடு பிணைத்த நரம்பணுத் திரளும் அதை எழுதியவர்களின் கற்பனைக்கு எட்டியிராதவை.

ஆகவே சட்டம் வரும்வரை காத்திராமல், நம் அருங்காட்சியகங்களும் கலைக் கல்லூரிகளும் தாமாகவே ஒரு நியமத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறேன். உயிருள்ள எதனையும் காட்சிக்கு வைக்கும்போது, அது எந்த உடலிலிருந்து வந்தது, உடலுக்கு உரியவர் சம்மதித்தாரா, அதன் ஆகாரத்தில் எந்தப் பிராணியின் உதிரம் கலந்திருக்கிறது, நாள்தோறும் அதனைப் பேணுபவர் யார், காட்சி முடிந்தபின் அதன் கதி யாது என்பனவற்றைக் கலைஞரின் பெயருக்குப் பக்கத்திலேயே, பள்ளிச் சிறுவனும் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் பலகையில் எழுதிவைக்க வேண்டும். பேணுபவரின் பெயரையும் கலைஞரின் பெயரோடு சேர்க்க வேண்டும். பராமரிப்புக்கான பணம், கடைசி நாள் வரைக்கும் உரியது, திறப்புவிழாவுக்கு முன்பே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒதுக்க இயலாத ஸ்தாபனம் அப்படைப்பை ஏற்காமல் இருப்பதே மேல். கன்றின் சீரத்துக்குப் பதிலாகப் பிராணிச் சார்பற்ற திரவங்கள் இப்போது பலவகை உயிரணுக்களுக்குக் கிடைக்கின்றன. விலை அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை விலக்குவதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. கலைக் கல்லூரிகளில் இப்பயிற்சியைத் தொடங்குவோர், மாணவன் தன் முதல் படைப்பை உருவாக்குவதற்கு முன், மற்றொருவர் உருவாக்கியதை ஒரு பருவம் முழுவதும் பேணிக் காட்டியிருக்க வேண்டும் என்று விதி செய்யட்டும்.